முன்வீடு புறப்பட்டுப் போன வருஷம்

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த வீட்டுக்கு இரண்டு உடம்பு. பின்பாதி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முன்பாதி ஆள் உயர மரத்தூண்களின்மேல் ஏறி நின்றது. முன்னாலிருந்து அடுப்படிக்குப் போக வேண்டுமானால் மரப்படி இறங்க வேண்டும். சோற்றுப் பானையோடு முன்னால் வர வேண்டுமானால் அதே படியில் ஏற வேண்டும். நான் மலாயாவில் பாலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேரோடு நெருக்கியடித்துப் படுத்து வளர்ந்தவள். ஒரே வீட்டுக்குள் மேலும் கீழுமாக அலைவது எனக்கு முதல் மாதம் முழுக்கத் திருவிழா மாதிரி இருந்தது.

"இது ஒரு வீடா, ரெண்டு வீடாங்க?" என்று வந்த அன்றே என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஒண்ணு வாங்குனேன், ஒண்ணு கூடவே வந்துச்சு" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு.

அது எவ்வளவு தப்பான கணக்கு என்று எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

முதல் பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மூவார் ஆற்றிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு மலாய்க் கிராமம் அது, கம்பம் என்பார்கள். என் வீட்டுக்காரர் கறவை மாடுகள் வைத்திருந்தார். இரண்டு மாட்டு வண்டிகளும் இருந்தன. காலையில் பால். பிறகு அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் தேங்காயையும் ரப்பர் ஷீட்டையும் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போவார். மாடு கட்ட இடம் தேடித்தான் அந்த நிலத்தை வாங்கினார். வீடு அதில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வீட்டின் கதையை எனக்குச் சொன்னது முந்தைய சொந்தக்காரியான ஒரு மலாய்க்கார விதவை. நாங்கள் அவரை மாச்சிக் என்று கூப்பிட்டோம். நம்மில் பெரியம்மா என்பது போல. வட்ட முகம், உரத்த குரல், எதையும் நேராகச் சொல்லும் நாக்கு. நிலத்தை விற்றபிறகு மேட்டுப்பக்கம் இருந்த மூத்த மகள் வீட்டில் தங்கியிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். நான் மலாய் பேசக் கற்றதே அவரிடம்தான். அவர் மலாயில் சொன்னவற்றை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

பின்வீட்டைக் கட்டியவர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. அந்தப் பக்கமெல்லாம் ரப்பர் வருவதற்கு முன்னால் காடாகக் கிடந்தபோது வந்து, மிளகும் காம்பியரும் போட்டவர். வெற்றிலையோடு போடுகிறோமே காசுக்கட்டி, அதைப் போன்றதுதான் இந்தக் காம்பியரும். இலையைப் பறித்துக் கொதிக்கவைத்து வற்றக் காய்ச்சுவார்கள். அந்தக் காய்ச்சலுக்காகக் கட்டிய செங்கல் அடுப்பு எங்கள் அடுப்படியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மூன்று வாய்களில் ஒன்றுக்குள் ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம். ஒரு தடவை படுத்தும் இருக்கிறது. தரை சுண்ணாம்பும் மண்ணும் கலந்து இடித்தது. சுவரில் ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. உயரத்தில் இரண்டு ஓட்டைகள், அவற்றிலும் புகைக்கரி. வாசல் நிலைப்படி முழங்கால் உயரம். என் வீட்டுக்காரர் பால் குவளையோடு அதில் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. கதவுக்கு மேலே சிவப்புக் காகிதம் ஒன்று வெளுத்து, பேப்பரா தோலா என்று தெரியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் கிழிக்கவில்லை. யாரோ நல்லது நினைத்து ஒட்டியது, இருந்துவிட்டுப் போகட்டுமே.

காம்பியர் மண்ணின் சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் பயிர். விளைச்சல் குறைந்ததும் தவுக்கே நிலத்தை மாச்சிக்கின் புருஷனுக்கு விற்றுவிட்டுப் படகேறினார். மாச்சிக்கின் புருஷன் ஆற்றில் சரக்குப் படகு வைத்திருந்தவர். அவருக்கு அந்த நிலம் பிடித்தது, வீடு பிடிக்கவில்லை.

"மண்ணுல படுத்தா பாம்பு வரும், தண்ணி வரும், பேயும் வரும்னாரு எங்க வீட்டு மனுஷன்" என்று மாச்சிக் சொல்வார். "அதனாலதான் முன்னால இதைக் கட்டினாரு. சமைக்கிறதுக்கு மட்டும் அந்தச் சீனன் வீடு."

அப்படி வந்ததுதான் முன்வீடு. நல்ல கடினமான காட்டு மரம். எங்குமே ஆணி கிடையாது. துளை, நாக்கு, ஆப்பு இவைதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தன. தூண்கள் மண்ணில் புதையாமல் தட்டைக் கற்களின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. சுவருக்கு மேலே கொடியும் பூவுமாகச் செதுக்கிய பலகை, அதன் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கூரை அத்தாப்பு ஓலை. வாசலில் மட்டும் மனிதர் ஆசைப்பட்டு, மலாக்கா பக்கத்து வீடுகளில் இருப்பது போலச் செங்கல்லில் படிக்கட்டு கட்டி, பூப்போட்ட ஓடு பதித்திருந்தார். கீழே அகலமாகத் தொடங்கி மேலே குறுகி ஏறும் அந்தப் படிக்கட்டைப் பார்த்தால் ராஜா வீடு என்று தோன்றும். இரண்டு வீடும் சந்திக்கும் இடத்தில், இரண்டு கூரைத் தண்ணீரும் விழுவதற்கு ஒரு தகரப் பீலி. மழை பெய்தால் அதன் கீழே நின்று பேச முடியாது. கத்தித்தான் பேச வேண்டும். எங்களுடைய முதல் சண்டை அப்படித்தான் தொடங்கியது. நான் உப்பு கேட்டேன், அவர் நான் திட்டுவதாக நினைத்துக்கொண்டார்.

மாச்சிக் வரும்போதெல்லாம் தூண்களைத் தட்டிப் பார்ப்பார். கறையான் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மூங்கில் குழாயில் கொண்டுவந்த எண்ணெயைத் துணியில் தொட்டு ஆப்புகளின்மேல் தடவுவார். புருஷன் கட்டிய வீட்டின்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு மனசு இளகும். காப்பி போட்டுக் கொடுப்பேன்.

என் மூத்தவள் பிறந்து தவழத் தொடங்கியிருந்தபோது, ஒரு நாள் மாச்சிக் வழக்கத்தைவிட நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தார். வெற்றிலையை மடித்து என்னிடம் நீட்டினார்.

"அடுத்த மாசம் சின்னவளுக்கு நிக்கா. மாப்பிள்ளை தச்சு வேலை தெரிஞ்ச பையன். அதுக்கு முன்னாடி வீட்டை எடுத்துக்கிறோம்."

"எந்த வீட்டை, மாச்சிக்?"

"இதைத்தான்." உட்கார்ந்திருந்த பலகையைக் கையால் தட்டினார்.

எனக்குப் புரியவில்லை. "நாங்க எங்க போறது?"

"நீங்க ஏன் போகணும்? நிலம் உங்களுது, பின்வீடு உங்களுது. நான் இதை மட்டும் மேட்டுக்குக் கொண்டுபோறேன்." இரவல் கொடுத்த அம்மிக்கல்லைத் திருப்பிக் கேட்பது போல, அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் படகுத்துறையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "அலமாக்!" என்று தலையில் கைவைத்தவர், மாச்சிக்கின் முன்னால் போய் நின்றார். அவருடைய மலாயைப் பற்றி அவருக்குப் பெரிய பெருமை உண்டு. அதை அன்றைக்கு முழுதாகச் செலவழித்தார். வாங்கினது வாங்கினதுதான், வீடு என்றால் முழு வீடுதான் என்றார். மாச்சிக் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு நிதானமாக மாற்றிக்கொண்டார்.

"விக்கும்போதே சொன்னேனே லா. பெங்ஹுலு முன்னாலதானே சொன்னேன்? சின்னவளுக்குக் கல்யாணம் ஆனா ரூமா ஈபு அவளுக்குன்னு. நீகூட 'பாத்துட், பாத்துட்'னு தலை ஆட்டினியே!"

பெங்ஹுலு என்பது கம்பத்துத் தலைவர். என் வீட்டுக்காரரின் முகம் மெல்ல மாறியது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஈபு என்றால் அம்மா. ரூமா என்றால் வீடு. கல்யாணமான பெண் அம்மா வீட்டுக்குப் போவாள் என்று இந்த அம்மாள் சொல்கிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். நம்மவர்களுக்குத் தாய்வீடு என்றால் வேறென்ன நினைக்கத் தோன்றும்? சீர் வாங்கிக்கொண்டு ஆடிக்கும் பிரசவத்துக்கும் போகிற இடம். 'பொருத்தம்தான், பொருத்தம்தான்' என்று மலாயில் மனப்பூர்வமாகத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். மலாய்க்காரர்களின் வீட்டில் ரூமா ஈபு என்பது வீட்டின் முக்கியப் பகுதி. படுக்கிற, விருந்தாளியை உட்காரவைக்கிற பெரிய கூடம். நாங்கள் முன்வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அந்தப் பெரிய அடுப்புக்குப் பின்னால் நின்று சிரித்தது அவருக்குக் கேட்டுவிட்டது. இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. மூன்றாவது வேளைக்கு ரசம் நன்றாக இருந்ததால் பேசினார்.

"மூவாருக்குப் போய் ஆபீசுல புகார் எழுதிக் குடுத்துப் பாக்கலாம்னு சொல்றானுங்க" என்றார், தன்னோடு வண்டி ஓட்டும் ஆட்களைச் சொல்லி.

"நீங்க என்ன சொல்றீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "தலை ஆட்டினவன் நான்தானே. அந்தம்மா ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் செய்யல. எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை பிறகு எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் முழுதாக இறங்கியது கிடையாது.

எடுத்துக்கொண்டு போகும் நாள் காலையிலேயே கம்பம் முழுக்க எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. ஆண்கள் சாரோங் கைலியை மடித்துக் கட்டியிருந்தார்கள். பெண்கள் பானை, சட்டி, அரிசி, ஒரு கூடை மீன் எல்லாம் கொண்டுவந்து என் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். தவுக்கேயின் அடுப்பில் மூன்று வாயிலும் ஒரே சமயத்தில் தீ எரிந்ததை அன்றுதான் பார்த்தேன். "இந்த அடுப்பை ஏன் மாச்சிக் எடுத்துக்கிட்டுப் போகல? அதைத்தான் நான் எடுப்பேன்" என்று ஒரு பெண் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

முதலில் கூரை ஓலையை இறக்கினார்கள். பிறகு பலகைச் சுவர்களை ஆப்புத் தட்டிக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அது எங்கள் வண்டிதான். என் வீட்டுக்காரர் அதிகாலையிலேயே மாட்டைப் பூட்டி நிறுத்தியிருந்தார். தரைப்பலகையும் போயிற்று. கடைசியில் தூண்களும் உத்தரங்களும் மட்டும் வெறும் எலும்புக் கூடாக நின்றன. அதைக் கழற்றவில்லை. அப்படியே தூக்கப் போவதாகச் சொன்னார்கள். நீளமான மூங்கில்களையும் பாக்கு மரங்களையும் தூண்களின் குறுக்கே கட்டினார்கள். ஆட்கள் வரிசையாகக் குனிந்து தோளைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைப் பையன் ஒரு மூலையில் நின்று எண்ணினான். "சாத்து! டுவா!"

மூன்று என்ற சொல்லை நான் கேட்கவில்லை. மொத்தக் கூட்டமும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அது அமுங்கிப் போயிற்று. வீடு கற்களிலிருந்து எழும்பியது. ஒரு சாண்தான், ஆனால் எழும்பிவிட்டது. கீழே பார்த்தால் இருபுறமும் கால்கள், கால்கள், கால்கள். அந்தக் கால்களுக்கு நடுவில் முழங்கால்வரை தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி ஒன்றும் தெரிந்தது. என் வீட்டுக்காரர்! வீட்டை விட்டுக்கொடுத்தவர் அதைத் தூக்கவும் போயிருந்தார்.

"என்னாங்க, முதுகு!" என்று கத்தினேன்.

"சும்மா இரு புள்ள!" என்று வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

வண்டிப்பாதை வழியாக வீடு நடந்து போயிற்று. ரப்பர் மரங்களுக்கு இடையில் திரும்பும் இடத்தில் கொஞ்சம் தள்ளாடி, நின்று, மறுபடி நடந்தது. அப்போதுதான் பார்த்தேன், நடு உத்தரத்தில் என் குழந்தையின் தூளி. அவிழ்க்க மறந்துவிட்டேன். என் சிவப்புச் சேலைத் துணி. வீடு எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் அது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே மேட்டில் ஏறியது. குழந்தை என் இடுப்பில் இருந்தாள். தன் தூளி தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்து ஓவென்று அழுதாள். முன்வீட்டுக்கு அடியில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழி மட்டும் அசையவில்லை. தலைக்கு மேலே திடீரென்று வானம் வந்ததைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபிறகு எங்கள் வாசலில் மிச்சம் இருந்தது தட்டைக் கற்களும் அந்தப் படிக்கட்டும். செங்கல் படியைத் தோளில் தூக்க முடியாதல்லவா? பூப்போட்ட ஓடுகளோடு ராஜா மாதிரி ஏறி, மேலே ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றது.

அடுத்த சில மாதங்கள் எங்களுக்கு அந்தப் படிக்கட்டால் பெயர் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், படி மட்டும் இருக்கும் வீடு என்றுதான் சொல்வார்கள். மீன் விற்கும் சீனர் கூடையோடு மேல்படி வரைக்கும் ஏறி நின்று, கதவைத் தட்டுவது போல் காற்றைத் தட்டிக் காட்டுவார். என் வீட்டுக்காரர் காலை வேலை முடிந்ததும் உச்சிப்படியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். காற்று நன்றாக வருகிறதாம். எனக்கும் ஒரு லாபம் இருந்தது. முன்வீடு மறைத்துக்கொண்டிருந்த வெயில் முதல்தடவையாகப் பின்வீட்டுக்குள் நேராக வந்து விழுந்தது. இவ்வளவு கரியிலா சமைத்தேன் என்று பதறிப்போய்ச் சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தேன்.

அந்த வருஷக் கடைசி மழை வரும்வரை நன்றாகத்தான் இருந்தோம்.

மழை நிற்கவே இல்லை. ஆறு பெருகி வயல்களைத் தாண்டி வந்தது. முந்தைய வருஷங்களில் தண்ணீர் பின்வீட்டு நிலைப்படிவரை வரும்போது நாங்கள் அரிசியையும் விறகையும் தூக்கிக்கொண்டு முன்வீட்டுக்கு ஏறிவிடுவோம். இப்போது எங்கே ஏறுவது? படிக்கட்டில் ஏறி நிற்கலாம், அவ்வளவுதான். ஒரு காலையில் அடுப்புக்குள் தண்ணீர் புகுந்து சாம்பல் மிதந்தது. மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்று கத்தின. என் வீட்டுக்காரர் அவற்றை அவிழ்த்து ஓட்ட, நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவரை நம்பித் தலையாட்டிய மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. பாதி வழியில் அதைச் சொல்லியும்விட்டேன். அவர் மாட்டைத்தான் அதட்டினார்.

மேட்டில் எங்கள் முன்வீடு புது ஓலை போட்டு, புது மரப்படியோடு நின்றது. வாசலில் மாச்சிக் நின்றுகொண்டிருந்தார். எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? நேத்தே வந்திருக்க வேண்டாமா? ஏறு, ஏறு! குழந்தையைக் குடு!"

மாடுகளை வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கட்டினோம். நாங்கள் மேலே ஏறினோம். கல்யாணமான சின்னப் பெண் தன் அறையை எங்களுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டாள். அவள் அறை என்பது எங்கள் அறைதான். நான் குச்சியால் வைத்த சாந்துப் பொட்டுகூடச் சுவர்ப் பலகையில் இருந்தது. நடு உத்தரத்தில் என் சிவப்புச் சேலைத் தூளி அப்படியே தொங்கியது. மாச்சிக் அதை அவிழ்க்கவில்லை. "அடுத்த குழந்தை யாருக்குன்னு தெரியாதே, யாருக்கு வந்தாலும் ஆகும்னு விட்டுட்டேன்" என்றார். என் மகள் அதில் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

வீட்டை வேறு திசை பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் நான் வழக்கம்போல எழுந்து, கண்ணைத் தேய்த்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்து, நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும் வந்து அதே இடத்தில் முட்டிக்கொண்டார். இரண்டு பேரும் நெற்றியைத் தடவிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். என் கோபம் அதோடு போய்விட்டது. கூடத்தில் மாச்சிக்கும் மகளும் மருமகனும் பாயில் புரண்டு சிரித்தார்கள்.

தண்ணீர் வடியும்வரை அங்கேயே இருந்தோம். எங்கள் மாட்டுப் பால், அவர்கள் அரிசி, ஆற்றில் அகப்பட்ட மீன். மாச்சிக் தேங்காய்ப்பாலில் மீன் சமைப்பார். நான் அதற்குக் கொஞ்சம் புளி சேர்ப்பேன். பிறகு இரண்டு பேரும் ஆளுக்காள் அதை 'நான் செய்தது' என்று சொல்லிக்கொள்வோம்.

வீடு திரும்பியபோது தரை முழுக்கச் சேறு. அதை வழித்துக் கொட்டியபிறகு என் வீட்டுக்காரர் மூவாரிலிருந்து ஒரு சீனத் தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தச்சர் வாசலில் நின்று படிக்கட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதை இடிச்சிட்டு, தரையோட கல்லு வீடு கட்டு. டவுன்ல எல்லாம் அப்படித்தான்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கும் கல் வீடு ஆசைதான். மூவார்க் கடைத்தெருவில் பார்த்த வீடுகள் கண்ணில் இருந்தன. நான் குறுக்கே போனேன். "கல்லு வீட்டுக்குள்ள தண்ணி வந்தா அது குளம். எனக்குத் தூணுமேல கட்டிக் குடுங்க. படியை இடிக்க வேணாம். படி எவ்வளவு உயரமோ வீடும் அவ்வளவு உயரம்."

தச்சர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "படிக்கு வீடு கட்டச் சொல்றாங்க" என்று சிரித்துவிட்டு, முழக்கோலை எடுத்து உச்சிப்படியிலிருந்து அளக்கத் தொடங்கினார்.

அப்படியே கட்டினோம். கூரைக்கு ஓலை இல்லை, தகரம். இந்தத் தடவை தூண்களை மண்ணில் ஆழமாகப் புதைக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். மாச்சிக்கின் மருமகன் வேலைக்கு வந்தான். சொல்லாமலேயே ஒரு செதுக்குப் பலகை செய்துகொண்டுவந்து சுவருக்கு மேலே பொருத்தினான். கிழக்கு மூலையில் எனக்கு ஒரு சாமி அறை.

புதுமனை புகும் நாளில் பசு முதலில் நுழைய வேண்டும். மூவாரிலிருந்து வந்த பூசாரி அதில் கண்டிப்பாக இருந்தார். படிக்கட்டு இருக்கிறது, பசுவும் இருக்கிறது, என்ன கஷ்டம் என்று நினைத்தோம். வெள்ளைப்பசு மஞ்சளும் மாலையுமாக, கல்யாணப் பெண் போல ஒவ்வொரு படியாக ஏறி, கூடத்துக்குள் போய், சாமி அறையை எட்டிப் பார்த்து, நடு வீட்டில் சாணமும் போட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

"இதுவும் பூஜையிலதானா?" என்று மாச்சிக் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதுதான் முக்கியம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பிறகுதான் தெரிந்தது, மாடு படி ஏறும், இறங்காது. உச்சிப்படியில் நின்று கீழே பார்த்தது. முன்னங்காலை நீட்டியது. இழுத்துக்கொண்டது. திரும்பி நடந்து கூடத்தின் நடுவில் படுத்துவிட்டது. புல் காட்டினோம். கன்றைக் கீழே கட்டிக் கத்தவிட்டோம். கன்று கத்த, இது மேலேயிருந்து பதில் சொன்னதே தவிர எழுந்திருக்கவில்லை. நல்ல நேரத்தில் வடை பாயசம் சாப்பிட வந்தவர்கள் எல்லாம் மாட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆளைத் திரட்டி வாலைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். ஆள் சறுக்கியதுதான் மிச்சம்.

மாச்சிக் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் ஒரு வீட்டையே எடுத்துக்கிட்டுப் போனேன். உங்களால ஒரு மாட்டை இறக்க முடியலையா?"

மருமகன் எழுந்தான். பின்பக்கச் சுவரில், நேற்றுத்தான் அடித்து முடித்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தான். சீனத் தச்சர் தன் வேலை போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் உளியையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். படகுத்துறையில் சரக்கு இறக்கும் நீளப் பலகைகளை வண்டியில் போய்க் கொண்டுவந்து, சுவர் ஓட்டையிலிருந்து தரைவரை சரிவாகச் சாத்தி, மேலே வைக்கோலும் மண்ணும் பரப்பினார்கள். பசு எழுந்து வந்து மோந்து பார்த்தது. பிறகு, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்பது போல நிதானமாக நடந்து இறங்கிக் கன்றிடம் போயிற்று.

பெயர்த்த பலகைகளைத் திரும்ப அடிக்கலாம் என்றார் தச்சர். நான் வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் அகலமான ஒரு கதவு போடச் சொன்னேன். சரிவை மண் கொட்டி நிரந்தரமாக்கினோம். அதற்கடுத்து வெள்ளம் வந்த வருஷம் மாடுகள் எல்லாம் அந்தச் சரிவில் தாமாகவே ஏறி வந்து கூடத்தில் நின்றன. சுற்றிலும் தண்ணீர். நாங்கள் மேலே இருந்து கறந்தோம். கம்பத்து ஆட்கள் சம்பான் என்கிற சின்னப் படகில் வந்து சரிவின் ஓரத்தில் நிறுத்தி, குவளையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு சம்பானில் மாச்சிக்கின் பேரன் உட்கார்ந்திருந்தான். அவன் பால் வாங்க வரவில்லை. கூடத்துக்குள் நிற்கும் மாடுகளைப் பார்க்க வந்திருந்தான்.

அந்த வீட்டில் மேலும் இரண்டு பிள்ளைகள் பெற்றேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிள்ளைகளின் படிப்புக்காக மூவார் டவுனுக்குக் குடிபோனோம். வீட்டை ஒரு ஜாவாக்காரக் குடும்பம் வாங்கியது. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தக் குடும்பத்துப் பெண் சரிவின் கீழே நின்று மேலே பார்த்தாள். வயிற்றில் குழந்தை அவளுக்கு, ஏழெட்டு மாதம் இருக்கும். படிக்கட்டுப் பக்கம் போகாமல் சரிவில் கையை ஊன்றாமல் மெதுவாக ஏறி, பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து அவள் தன் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னது எங்களுக்கு வெளியே கேட்டது. "இங்க வந்து பாருங்க, இந்த வழியில ஏறினா மூச்சே வாங்கல!"